சிமுலேட்டருக்குக் குளிராது

முன்னாடியே சொல்லிவிடுகிறேன். கோடைக்கானல் என்ற பெயரைப் பார்த்ததும் படகுச் சவாரி, சாக்லேட், குணா குகை என்று ஆசையாக வந்தவர்கள் ஏமாந்து போவீர்கள். இது எலக்ட்ரானிக்ஸ் பதிவு. பழனி மலை இதில் சுற்றுலாத் தலமாக வரவில்லை, ஒரு பெரிய இலவச ஃபிரிட்ஜாக வருகிறது. பயப்படாதீங்க, சூத்திரம் ஒண்ணும் கிடையாது. பெருக்கல், வகுத்தல் மட்டும்தான்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் ஒரு சர்க்யூட்டை வரைந்து, வெப்பநிலையை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கிறோம். கோடு கொஞ்சமும் அசையாமல் வருகிறது. உடனே "ஆஹா, என் சர்க்யூட் வெயிலுக்கும் குளிருக்கும் அசையாது" என்று சந்தோஷப்படுகிறோம். பல நேரம் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் வேறு. "இதைப் பத்தி எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரலை சாமி" என்று சிமுலேட்டர் கையை விரிக்கிறது. கையை விரிப்பதும் அசையாத கோடும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். சிக்கலே அங்கேதான்.

சரி, இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பூம்பாறையிலிருந்து.

பனிக்கு ஒரு மணி

கோடைக்கானலிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் பூம்பாறை. படிப்படியாக வெட்டின வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், அப்புறம் பூண்டு. (கோடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது தெரியாமலே அதை ரசத்தில் போட்டுக் கொண்டிருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தன்.) அங்கே என் நண்பர் ஒருவர் உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட், கொஞ்சம் பூண்டு போடுகிறார். மார்கழி, தை வந்தால் மனுஷனுக்குத் தூக்கம் போய்விடும். காரணம் உறைபனி.

மேகமும் காற்றும் இல்லாத ராத்திரிகளில்தான் அது வரும். நிலமும் இலையும் தங்கள் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காலையில் பார்த்தால் வயலில் உப்பைக் கொட்டினது போல வெள்ளையாக இருக்கும். நண்பர் சொல்வார், "வெயில் பட்டவுடனே பாக்கணும்ப்பா, பீன்ஸ் இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்கிரும்." பூண்டு ஓரளவு தாங்கும். பீன்ஸும் உருளையும் தாங்காது.

தப்பிக்க ஒரு வழி உண்டு. பனி இறங்குவதற்கு முன்பே மோட்டாரைப் போட்டு ஸ்பிரிங்க்ளரில் தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர் உறையும்போது வெளியிடும் வெப்பம் இலையைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகவிடாமல் பிடித்து வைக்கும். ஆனால் ஆரம்பித்தால் விடியும்வரை நிறுத்தக் கூடாது. டீசல் செலவு. ஆகவே அவருக்கு வேண்டியது ஒரு மணி. 2 டிகிரிக்கு வந்ததும் அடிக்க வேண்டும். 6 டிகிரியிலேயே அடித்தால் தினமும் டீசல் வீண், ஒரு வாரத்தில் மணியைக் கழற்றி எறிந்துவிடுவார். மைனஸ் 2-இல் அடித்தால் அடிக்காமலே இருந்திருக்கலாம்.

அவருடைய பையன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். அப்பாவுக்காக அவனே ஒரு சர்க்யூட் போட்டிருந்தான். கே வகை தெர்மோகப்பிள், அதைப் பெருக்க எல்.எம்.358 ஆப்-ஆம்ப், பிறகு ஒரு கம்பேரட்டர், ரிலே, மணி. கூடவே ஒரு பிரிண்ட் அவுட். 0, 10, 20, 30, 40 டிகிரி என ஐந்து வெப்பநிலைகளில் ஓட்டி, ஐந்து கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே கோடு போலப் படுத்திருந்தன. "சிமுலேஷன்ல பக்காவா வருது மாமா" என்றான். நண்பருக்குக் கோடெல்லாம் வேண்டாம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏப்பா, இது ராத்திரி அடிக்குமா, அடிக்காதா?"

தராசுக்கு அடியில் புளி

ஆப்-ஆம்ப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

ஆப்-ஆம்ப் என்பது ஒரு தராசு. இரண்டு தட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, லட்சம் மடங்கு பெருக்கி வெளியே காட்டும். சுற்றிலும் ரெசிஸ்டர்களைப் போட்டு அந்த லட்சத்தை 100, 250 என்று நமக்கு வேண்டிய அளவுக்கு அடக்கிக் கொள்கிறோம். ஆனால் எந்தத் தராசும் சுத்தமாகச் சமமாக நிற்பதில்லை. சந்தையில் சில கடைக்காரர்கள் தட்டுக்கு அடியில் துளி புளியை ஒட்டி வைப்பார்களே, அது மாதிரி ஒவ்வொரு ஆப்-ஆம்புக்குள்ளும் பிறவியிலேயே கொஞ்சம் புளி ஒட்டியிருக்கும். அதன் பெயர் ஆஃப்செட். எல்.எம்.358-இல் இது பொதுவாக 2 மில்லிவோல்ட் அளவு.

புளி மாறாமல் இருந்தால் கவலையில்லை. ஒரு தடவை பார்த்துக் கழித்துவிடலாம். ஆனால் புளி வெயிலில் காய்ந்து எடை குறையும், பனியில் ஊறி எடை கூடும். ஆஃப்செட்டும் அப்படித்தான், வெப்பநிலையோடு நகரும். இதை டிரிஃப்ட் என்பார்கள். எல்.எம்.358-க்கு டேட்டாஷீட்டில் சராசரியாகப் போட்டிருப்பது டிகிரிக்கு 7 மைக்ரோவோல்ட்.

ஏழு மைக்ரோவோல்ட் என்றால் தூசி என்று தோன்றும். இப்போது தெர்மோகப்பிளைப் பாருங்கள். அது ஒரு டிகிரிக்குத் தருவதே சுமார் 40 மைக்ரோவோல்ட்தான். பையன் சர்க்யூட்டை அட்ஜஸ்ட் செய்தது திண்டுக்கல்லில், பகலில், 30 டிகிரியில். மணி அடிக்க வேண்டியது பூம்பாறையில், ராத்திரியில், 5 டிகிரிக்கும் கீழே. 25 டிகிரி வித்தியாசம். 25-ஐ 7-ஆல் பெருக்கினால் 175 மைக்ரோவோல்ட். அதை 40-ஆல் வகுத்தால் நாலேகால் டிகிரி.

அதாவது 2 டிகிரியில் அடிக்க வேண்டிய மணி, ஐசி-யின் குணத்தைப் பொறுத்து 6-இலும் அடிக்கலாம், மைனஸ் 2-இலும் அடிக்கலாம். நண்பரின் கேள்விக்கான பதில் இந்த மூணு வரிக் கணக்கில் இருக்கிறது. பிரிண்ட் அவுட்டில் இல்லை. ஏன் இல்லை?

மாடலைத் திறந்து பார்த்தால்

ஸ்பைஸ் என்பதுதான் இந்த சிமுலேட்டர்கள் எல்லாவற்றுக்கும் பாட்டன். 1970-களின் தொடக்கத்தில் பெர்க்லியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. லாரன்ஸ் நேகல் எழுதினார், டொனால்ட் பெடர்சன் வழிகாட்டினார். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது உலகம் முழுக்க 27 டிகிரி என்றே எடுத்துக் கொள்ளும். (300 கெல்வினை நம்ம டிகிரிக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 27.) வெப்பநிலையை மாற்றச் சொன்னால் மாற்றும். ஆனால் எதை மாற்றும்? அந்தந்தப் பாகத்தின் மாடலில் வெப்பத்துக்கான சமன்பாடு இருந்தால் மட்டும் அதை மாற்றும். டயோடுக்கும் டிரான்சிஸ்டருக்கும் அது உள்ளேயே இருக்கிறது, ஓரளவு நன்றாகவும் இருக்கிறது. ரெசிஸ்டருக்கு நாமாக வெப்பக் குணகம் எழுதாவிட்டால் பூஜ்ஜியம். எவ்வளவு சூடாக்கினாலும் அது அதேதான்.

ஆப்-ஆம்ப்? அதில் இருபதுக்கு மேல் டிரான்சிஸ்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மூச்சு முட்டிச் செத்திருக்கும். அதனால் 1974-இல் பாயில், கோன், பெடர்சன், சாலமன் என்ற நாலு பேர் ஒரு சுருக்கு வழி கொண்டு வந்தார்கள். வாசலில் இரண்டு டிரான்சிஸ்டரை மட்டும் நிஜமாக வைத்துவிட்டு, மீதியை எல்லாம் வெறும் கணித மூலங்களாக மாற்றிவிடுவது. மேக்ரோமாடல். வெளியிலிருந்து பார்த்தால் ஆப்-ஆம்ப் மாதிரியே நடந்து கொள்ளும், உள்ளே பெரும்பாலும் காலி. தெருக்கூத்தில் ராஜா வேஷம் மாதிரி. கிரீடம் இருக்கும், கஜானா இருக்காது.

இன்றைக்கும் நாம் இறக்கிக் கொள்ளும் பல மாடல்கள் இந்த வம்சம்தான். இதில் ஆஃப்செட்டை இரண்டு விதமாக வைப்பார்கள்.

ஒன்று, வாசலில் ஒரு பேட்டரி மாதிரி நிலையான வோல்டேஜை நிறுத்திவிடுவது. புளிக்குப் பதில் கல். காயாது, ஊறாது. டிரிஃப்ட் சுத்தமாகப் பூஜ்ஜியம். பையனின் மாடல் இந்த ரகம். ஐந்து கோடு ஒன்றாகப் படுத்ததற்கு இதுதான் காரணம்.

இரண்டு, வாசல் டிரான்சிஸ்டர்கள் இரண்டையும் லேசாக வேறுபடுத்தி வைப்பது. அப்போது ஆஃப்செட் வெப்பநிலையோடு நகரும். ஒவ்வொரு மில்லிவோல்ட் ஆஃப்செட்டுக்கும் டிகிரிக்கு 3.3 மைக்ரோவோல்ட். கேட்க நன்றாக இருக்கிறது, எளிமையான டிரான்சிஸ்டர் ஜோடிக்கு இயற்பியலும் அதையே சொல்கிறது. ஆனால் நிஜ ஐசி-க்குள் ஆஃப்செட் வர வேறு காரணங்களும் உண்டு. அவை ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில், தனித்தனி திசையில் நகரும். மாடல் காட்டும் வளைவு மாடலுடைய வளைவு, உங்கள் கையில் இருக்கும் சிப்பினுடையது அல்ல.

எனக்கு இரண்டாவது ரகத்தின் மீதுதான் பயம் அதிகம். நேர்கோடு வந்தால் சந்தேகமாவது வரும். அழகான வளைவு வந்தால் யாருக்கு சந்தேகம் வரும்?

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த நாலு பேரில் ஒருவரான ஜேம்ஸ் சாலமன், அதே 1974 டிசம்பரில், அதே ஆய்விதழின் அதே இதழில், ஆப்-ஆம்ப் பற்றி இன்னொரு பெரிய கட்டுரையும் எழுதியிருக்கிறார். அதில் அவர் சொல்வது: சிப்பின் வெளியீட்டுப் பகுதி சூடாகி, அந்தச் சூடு சிலிக்கான் வழியாகவே நடந்து வந்து வாசல் டிரான்சிஸ்டர்களைத் தொடுகிறது, நிஜத்தில் கிடைக்கும் பெருக்கத்துக்கு அதுவே ஒரு எல்லை போடுகிறது. கணக்கு எளிது. டிரான்சிஸ்டரின் வோல்டேஜ் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் நகரும். ஜோடியில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரி வித்தியாசம் வந்தாலே 2 மைக்ரோவோல்ட் ஆஃப்செட். ஆக, மாடலைச் செய்தவருக்கே அதில் எது இல்லை என்று நன்றாகத் தெரியும். பயன்படுத்துகிற நமக்குத்தான் தெரியவில்லை.

அதற்காகக் கம்பெனிக்காரர்களைத் திட்டவும் முடியாது. சிப்பின் உள் ரகசியத்தை முழுசாக வெளியே கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் நம் கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் ஓடும். புதிய மாடல்கள் சிலவற்றில் டிரிஃப்டும் சேர்த்திருக்கிறார்கள். மாடல் ஃபைலை நோட்பேடில் திறந்தால், நட்சத்திரக் குறியோடு தொடங்கும் வரிகளில் எதைச் சேர்த்தோம், எதைச் சேர்க்கவில்லை என்று பலர் எழுதியும் வைக்கிறார்கள். அதை வாசிக்கத்தான் ஆள் இல்லை. மருந்துச் சீட்டோடு வரும் மடித்த காகிதம் மாதிரிதான் அதன் கதி.

காட்ரோட்டிலிருந்து மேலே

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக் கொண்டான். நம்பினானா என்றால் இல்லை. "டேட்டாஷீட்ல சேஃப்டிக்காகக் கூடுதலா போட்டிருப்பாங்க மாமா" என்றான். நியாயமான சந்தேகம். சரி, அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வெப்பநிலையை இஷ்டப்படி மாற்றும் சோதனைப் பெட்டி வாங்க நம்மிடம் காசு ஏது? ஆனால் மலை இருக்கிறது. நண்பரின் வண்டி வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு ஏற்றிப் போய்விட்டு, காட்ரோடு வழியாகக் காலியாகத் திரும்பும். அதில் ஏறிக் கொண்டோம். அடிவாரத்தில் வேர்க்கும், மேலே பல் கிட்டும். மூணு மணி நேரத்தில் 20 டிகிரிக்கு மேல் இறக்கித் தரும் பெட்டி வேறெங்கே கிடைக்கும்?

சோதனை ரொம்ப எளிது. ஆப்-ஆம்பின் வாசலைத் தரையோடு சேர்த்துவிட்டு, 100 ஓம், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் ஆயிரம் மடங்கு பெருக்கினோம். வாசலில் ஒன்றும் இல்லை என்பதால், வெளியே வருவது முழுக்க புளிதான். 1 வோல்ட் வந்தால் 1 மில்லிவோல்ட் புளி. இரண்டு 9 வோல்ட் பேட்டரி. ஒரே கடையில், ஒரே பட்டையிலிருந்து வாங்கிய இரண்டு எல்.எம்.358. தகர டப்பாவுக்குள் போட்டு மூடி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருபது நிமிஷம் ஆறவிட்டு அளந்தோம். மல்டிமீட்டர் குளிர்ந்து அது வேறு தப்பாகக் காட்டக் கூடாது என்று, அதற்கு மட்டும் ஸ்வெட்டர் சுற்றி மடியில் வைத்துக் கொண்டான் பையன். எங்களுக்கு ஸ்வெட்டர் இல்லை :-)

காட்ரோட்டில் பிற்பகல், 34 டிகிரி: முதல் சிப் 1.62 வோல்ட். இரண்டாவது சிப் மைனஸ் 0.84.

டம்டம் பாறையில் நிறுத்தி டீ. தூரத்தில் தலையாறு அருவி வெள்ளை நூல் மாதிரி தெரிகிறது. முதல் சிப் இறங்க ஆரம்பித்திருக்கிறது, இரண்டாவது ஏற ஆரம்பித்திருக்கிறது. பையன் ஒன்றும் பேசவில்லை, நோட்டில் எழுதினான். பெருமாள்மலையில் இன்னும் கொஞ்சம். வெள்ளி அருவியில் கூட்டம், நிறுத்தவில்லை. கோடைக்கானல் தாண்டி பூம்பாறை போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வயல் ஓரம் டப்பாவை வைத்து ஆறவிட்டுப் பார்த்தால், 11 டிகிரி: முதல் சிப் 1.51. இரண்டாவது மைனஸ் 0.67.

23 டிகிரியில் ஒன்று 110 மைக்ரோவோல்ட் இறங்கியிருக்கிறது, மற்றொன்று 170 மைக்ரோவோல்ட் ஏறியிருக்கிறது. டிகிரிக்கு ஐந்து, ஏழு என்று கணக்கு வருகிறது. டேட்டாஷீட் பொய் சொல்லவில்லை. இதைவிட முக்கியம், ஒரே பட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டும் எதிரெதிர் திசையில் போனது. முதல் சிப்போடு மணி செய்தால் ஒரு பக்கம் தப்பும், இரண்டாவதோடு செய்தால் மறுபக்கம் தப்பும். இனி எந்த மாடல் வந்து எந்த வளைவைக் காட்டினாலும், அது இந்த இரண்டில் எதற்கு?

பையன் பிரிண்ட் அவுட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தான். "இதுல ஒரு கோடுதான் மாமா இருக்கு" என்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

மலை சொல்லித் தரும் மற்ற பாடங்கள்

டிரிஃப்ட் ஒன்றுதான் குறை என்று நினைக்காதீர்கள். மாடலில் எண்ணாகக்கூட இல்லாத விஷயங்கள் மலையில் வரிசையில் நிற்கும்.

1. சிமுலேட்டருக்கு வெப்பநிலை என்றால் பொதுவாக சர்க்யூட் முழுசுக்கும் ஒரே எண். நிஜத்தில் ஒரே டப்பாவுக்குள் நாலு வெப்பநிலை இருக்கும். 12 வோல்ட் ரிலேயின் காயில் 400 ஓம் என்றால் 0.36 வாட் சூடு. மணி அடிக்க ஆரம்பித்ததும் ரிலே டப்பாவைச் சூடாக்கும், பக்கத்தில் உள்ள ஆப்-ஆம்ப் நகரும், மணி நின்றாலும் நிற்கும். இந்தக் கூத்து எந்தத் திரையிலும் தெரியாது.

2. இரண்டு வேறு உலோகம் சேரும் இடமெல்லாம் ஒரு குட்டி தெர்மோகப்பிள். செம்பும் ஈயப்பற்றும் சேர்ந்தால் டிகிரிக்கு 1 முதல் 3 மைக்ரோவோல்ட். பழைய உலோகத் தொப்பி ஐசி-க்களின் கோவார் கால்கள் செம்பைத் தொடும் இடத்தில் 35-க்கும் மேல். டப்பா மூடியைத் திறந்து வைத்தபோது மலைக்காற்று பட்டு மீட்டரின் கடைசி இலக்கங்கள் ஆடின, மூடியதும் அடங்கின. காற்று என்ற பாகம் எந்த லைப்ரரியிலும் கிடையாது.

3. மூடுபனி. தூசி படிந்த போர்டில் ஈரம் இறங்கினால் இரண்டு தடங்களுக்கு நடுவே யாரும் வரையாத ஒரு ரெசிஸ்டர் முளைக்கும். நன்றாகத் துடைத்து, வார்னிஷ் அடித்தால்தான் போகும்.

4. உயரம். மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கோடைக்கானலில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். காற்று மெலிந்தால் சூட்டை எடுத்துச் செல்வதும் குறையும். குளிர் ஊர்தானே என்று பவர் டிரான்சிஸ்டரின் ஹீட் சிங்கைச் சின்னதாக்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

5. தண்ணீர் அங்கே 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். "கொதிநீர் 100 டிகிரி" என்று தெர்மாமீட்டரைச் சரிபார்த்தால் ஏழு டிகிரி பொய். ஆனால் உருகும் பனிக்கட்டி மலையிலும் பூஜ்ஜியம்தான், சமவெளியிலும் பூஜ்ஜியம்தான்.

சூரியனைப் பார்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

இதே மலையில் வெப்பத்தோடு மல்லுக்கட்டுவதையே அன்றாடமாக வைத்திருக்கும் ஓர் இடம் உண்டு. கோடைக்கானல் சூரிய ஆய்வகம். 1899-இல் தொடங்கியது, மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். 2,343 மீட்டர் உயரம். 1909-இல் ஜான் எவர்ஷெட் இங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். நிறமாலைக் கோடுகள் மயிரிழை நகர்ந்திருப்பதை வைத்துப் பிடித்த விஷயம் அது. கருவி தானாக மயிரிழை நகர்ந்தால் என்ன ஆகும்? சூரியன் நகர்ந்ததா, நம்ம கருவி நகர்ந்ததா என்றே தெரியாது. நம் ஆப்-ஆம்ப் பிரச்சினைதான், அளவு மட்டும் வேறு.

1960 வாக்கில் அங்கே ஒரு கோபுரமும் 60 மீட்டர் நீளச் சுரங்கமும் கொண்ட தொலைநோக்கியை நிறுவினார்கள். கோபுரத்தின் மேலே கண்ணாடிகள் சூரிய ஒளியைப் பிடித்துக் கீழே அனுப்பும், ஒளி நிலத்துக்கு அடியில் படுக்கையாகச் சுரங்கத்தில் போகும். மண்ணுக்கு அடியில் பகல், ராத்திரி வித்தியாசம் மெல்லத்தான் எட்டும். அதுபோக, வெயில் ஏறித் தரை கொதிக்க ஆரம்பிப்பதற்கு முன், காலை நேரத்தில்தான் சூரியன் தெளிவாகத் தெரியும். ஆக, வெப்பம் கருவியை என்ன செய்யும் என்று கடைசிப் பின்னம்வரை கணித்துக் கொண்டிருப்பதைவிட, வெப்பம் எட்டாத இடமும் நேரமும் பார்த்து வேலை செய்வது நல்ல வழி. கணிக்க முடியாததைக் கணிக்காதே, அது உன்னைத் தொடாத மாதிரி கட்டு. மணிக்கும் அதையே செய்தோம்.

என்ன மாற்றினோம்?

முதலில் பையனிடம் கேட்டேன், "எதுக்குடா தெர்மோகப்பிள்?"

"காலேஜ் லேப்ல இருந்துச்சு மாமா."

நேர்மையான பதில். நாட்டில் பாதி டிசைன்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

உலை, அடுப்பு, எஞ்சின் என்றால் தெர்மோகப்பிள் வேண்டும். 2 டிகிரிக்கு எதற்கு? பத்து கிலோ ஓம் தெர்மிஸ்டர் ஒன்றை எடுத்தோம். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் அது 33 கிலோ ஓம் போல இருக்கும், டிகிரிக்கு 5 சதவீதத்துக்கு மேல் மாறும். அதே அளவு நிலையான ரெசிஸ்டரோடு சேர்த்து 5 வோல்ட் பிரிட்ஜில் போட்டால் டிகிரிக்கு 66 மில்லிவோல்ட் கிடைக்கிறது. தெர்மோகப்பிள் கொடுத்ததைப் போல 1,600 மடங்கு. இப்போது பழைய கணக்கைத் திரும்பப் போடுங்கள். அதே எல்.எம்.358, அதே 175 மைக்ரோவோல்ட் டிரிஃப்ட். 66 மில்லிவோல்ட்டால் வகுத்தால் 0.003 டிகிரிகூட வராது. புளி அப்படியேதான் ஒட்டியிருக்கிறது. நாம் தட்டில் வைக்கும் சரக்கு கிராமிலிருந்து மூட்டையாகிவிட்டது, அவ்வளவுதான்.

பிரிட்ஜுக்கும் கம்பேரட்டருக்கும் ஒரே 5 வோல்ட் என்பதால், பேட்டரி தளர்ந்து வோல்டேஜ் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும், மணி அடிக்கும் புள்ளி நகராது. ரிலேயை டப்பாவுக்கு வெளியே தனியாக வைத்தோம். தெர்மிஸ்டரை ஆள் உயரத்தில் தொங்கவிடாமல் இலை மட்டத்தில் கட்டினோம். பனி ராத்திரியில் தலைக்கு நேரே காற்று 4 டிகிரி காட்டும்போது, கீழே இலை பூஜ்ஜியத்துக்கு வந்திருக்கலாம். சரிபார்க்க, நண்பர் வீட்டு ஃபிரிட்ஜ் ஐஸைப் பொடித்துத் தண்ணீரில் போட்டு, பூஜ்ஜியம் எங்கே என்று பார்த்துக் கொண்டோம்.

இந்தப் புது சர்க்யூட்டையும் பையன் சிமுலேட்டரில் ஓட்டினான். நான் தடுக்கவில்லை. தெர்மிஸ்டரின் சமன்பாட்டைக் கையால் எழுதிக் கொடுத்து, ரெசிஸ்டர்களுக்கு வெப்பக் குணகம் சேர்த்து, ஆப்-ஆம்பின் வாசலில் ஒரு வோல்டேஜ் மூலத்தை வைத்து டிகிரிக்கு 7 மைக்ரோவோல்ட் ஒரு தடவை பிளஸ், ஒரு தடவை மைனஸ் என்று அவனாகவே புளியை ஒட்டினான். கோடுகள் இந்தத் தடவையும் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் படுத்தன. ஆனால் இந்த நேர்கோட்டுக்கு அர்த்தம் உண்டு. கேள்வியை உள்ளே வைத்துவிட்டுப் பதிலைக் கேட்டிருக்கிறான்.

அந்த மார்கழியில் மணி மூன்று ராத்திரி அடித்தது. மூன்று தடவையும் மோட்டார் ஓடியது, பீன்ஸ் தப்பியது. தூக்கம் போனதற்கு மட்டும் நண்பர் என்னைத் திட்டினார். அது வேறு கணக்கு.

சிமுலேட்டர் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கோடு நேராக வந்தால், அந்த மாடலுக்குள் வெப்பம் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். எங்கும் எழுதவில்லை என்றால் உங்கள் சர்க்யூட்டை நீங்கள் இன்னும் சோதிக்கவே இல்லை. டேட்டாஷீட்டின் டிரிஃப்ட் எண்ணை எடுத்து, எத்தனை டிகிரி மாறும் என்பதால் பெருக்கி, உங்கள் சென்சார் டிகிரிக்கு எவ்வளவு தரும் என்பதால் வகுங்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. விடை பயமுறுத்தினால் பெரிய மாடலைத் தேடிப் போவதைவிட பெரிய சிக்னலைத் தேடிப் போவது மேல்.

பின்குறிப்பு: அளக்கப் போன வண்டியில் திரும்பும்போது ஒரு டப்பா ஹோம்மேட் சாக்லேட் வாங்கி வந்தேன். காட்ரோடு வருவதற்குள் பாயசமாகிவிட்டது. அதற்கும் மாடல் இல்லை :-)